நீ பேச உட்கார்ந்தால் யார் மிதிப்பது?

என் செல்ல மகளுக்கு,

உன் அம்மா எழுதுவது. கீழே நாங்கள் எல்லோரும் சுகம். மேலே நீயும், உன்னோடு அந்த விண்வெளி நிலையத்தில் இருக்கிறவர்களும் சுகமாக இருக்க வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், தூங்குகிற பையைச் சுவரோடு நன்றாகக் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும் என்பதுதான் காலையில் தையல் மெஷின் முன்னால் உட்காரும்போது எனக்கு வருகிற முதல் நினைப்பு. குடும்பங்களைக் கவனித்துக்கொள்ள உங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் இருக்கிறாளே, அவளிடம் இதைக் கொடுத்தால் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாளாம். நான் தட்டச்சு செய்து தரட்டுமா அத்தை என்று மாப்பிள்ளை கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மருந்துக்கடைக்காரர் இல்லையா, நான் திட்டுகிற இடத்தையெல்லாம் அளவு பார்த்துக் குறைத்துவிடுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ போன வாரம் எழுதி அனுப்பியதை அவர் எங்களுக்குப் படித்துக் காட்டினார். சுண்டு என்னை மறந்துட்டா, பெத்தவ முகத்தைப் பாக்கக்கூட அவளுக்குப் பிடிக்கல, நிலையத்துக்கு வெளியே போய்ச் செய்யுற வேலையை வேற யாருக்காவது விட்டுக்கொடுத்துட்டு அடுத்து இறங்குற கலத்துலயே நான் வந்துடறேன், வெள்ளிக்கிழமைக்குள்ள மேலதிகாரிகிட்ட முடிவைச் சொல்லணும் என்று எழுதியிருந்தாய். படித்து முடித்ததும் உன் அப்பா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார், ஏற்கெனவே கழுவிய முகம்தான். இங்கிருந்து உன்னைக் கூப்பிட வழியில்லை, நீதான் அங்கிருந்து கூப்பிட வேண்டும், இந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடவும் இல்லை. அடி பைத்தியமே, எடுத்தேன் கவிழ்த்தேன் என்று யாரிடமும் எதையும் சொல்லிவிடாதே. இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் என்ன வேண்டுமானாலும் முடிவு செய். உன் பெண் உன்னை மறக்கவில்லை. அவள் ஏன் உன்னோடு பேசமாட்டேன் என்றாள் என்று கண்டுபிடித்துவிட்டோம். எல்லாவற்றுக்கும் காரணம் உன் அப்பா. வேறு யாராக இருக்க முடியும்?

திங்கட்கிழமையே விஷயம் தெரிந்துவிட்டது. உடனே ரெண்டு வரி அனுப்பிடலாம் அத்தை என்றார் மாப்பிள்ளை. நான்தான் தடுத்தேன். அரைகுறையாகச் சொன்னால் நீ அங்கே உட்கார்ந்து அழுவாய். அங்கே அழுதால் கண்ணீர் கன்னத்தில் வழியாதாமே, கண்ணிலேயே உருண்டையாக ஒட்டிக்கொண்டு எரியுமாமே, நல்ல ஊருக்குத்தான் போயிருக்கிறாய் போ. குழந்தையை முதலில் சரிசெய்துவிட்டு முழுசாகச் சொல்வோம் என்று பொறுத்திருந்தேன். இன்று புதன்கிழமை. நாளைக் காலையில் அந்தப் பெண் வந்து வாங்கிக்கொண்டு போவாள், உன் கைக்கு நேரத்தில் வந்துவிடும். அதனால் பதறாமல் படி.

வீட்டுச் சமாச்சாரம் முதலில். உன் அப்பாவுக்கு நீ மேலே போனதிலிருந்து கால் தரையில் படவில்லை. மிதக்கிறது நீ இல்லை, அவர்தான். வீட்டுக்குக் கீழே அவருடைய சைக்கிள் கடையில், டயர்கள் தொங்குகிற கொக்கிக்குப் பக்கத்தில் நீ நிலையத்துக்குள் மிதக்கிற படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார். பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் யாரானாலும், டியூப் தண்ணீர்த் தொட்டியில் முங்கியிருக்கிற நேரத்தில் உன் கதையைக் கேட்டாக வேண்டும், கேட்காமல் போனால் காற்று அடித்துத் தரமாட்டார். அந்தப் படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டார் என்பது வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து சலூன்காரர்தான் ஒருநாள் கையில் கத்தரியோடு வந்து நின்று பார்த்துவிட்டு, அண்ணே சட்டையில இருக்கிற எழுத்து தலைகீழா இருக்கே என்றார். உன் அப்பா கொஞ்சமும் அசரவில்லை. அங்க மேல கீழ எல்லாம் கிடையாதுய்யா, உனக்கு என்ன தெரியும் என்று அவரை அனுப்பிவிட்டு, ஆள் போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைத் திருப்பி மாட்டினார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் கதையைக் கேள். உனக்கு அங்கே உயரம் கூடிவிட்டது என்று சொன்னாயே, முதுகெலும்பு நீண்டுகொள்கிறது என்று. அதைக் கேட்டதும் உன் அலமாரியைத் திறந்து கால்சட்டை, மேலங்கி எல்லாவற்றையும் எடுத்து மடித்துத் தைத்த ஓரத்தைப் பிரித்து நீளம் விட்டுவிட்டேன். எல்லாம் முடித்து இஸ்திரியும் போட்டு அடுக்கிய பிறகு மாப்பிள்ளை வந்து, இறங்கி வந்தா பழைய உயரத்துக்கே வந்துடுவா அத்தை என்று மெதுவாகச் சொல்கிறார். இதை முன்னாலேயே சொன்னால் வாயில் முத்து உதிர்ந்துவிடுமா? மறுபடி எல்லாவற்றையும் மடித்துத் தைத்தேன். தையல்காரியின் பொறுமையைச் சோதிக்கவென்றே இப்படி ஒரு வேலை உனக்கு வாய்த்திருக்கிறது. வெளியே போகும்போது போடுகிற கையுறை விரல் நுனியில் இறுக்குகிறது, நகம் வலிக்கிறது என்றாயே, அதையும் நான் விடவில்லை. ஒரு ஜோடி குடும்மா, பிரிச்சுப் பாத்துட்டு அப்படியே தச்சுத் தரேன் என்று உங்கள் அலுவலகப் பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரித்தே மழுப்பிவிட்டாள். பரவாயில்லை, நகத்தையாவது ஒட்ட வெட்டிக்கொள்.

இனி சுண்டு சமாச்சாரம். நீ போன புதிதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் காலையிலேயே தலை வாரிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள், உனக்கு ஞாபகம் இருக்கும். நீ தண்ணீரைப் பிதுக்கி உருண்டையாக மிதக்கவிட்டு வாயால் கவ்வினாயே, அன்று சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. உன் முடி நான்கு பக்கமும் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறதைப் பார்த்துவிட்டு எனக்கும் அப்படி வாரிவிடு பாட்டி என்று உயிரை எடுத்தாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று எழுந்து ஓடித் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அடுத்த வாரம் வாயே திறக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்தாள். அதற்கும் அடுத்த வாரம்தான் அந்தக் கொடுமை, நீ செல்லம் என்று கூப்பிடக் கூப்பிட ஓடிவந்து உன் முகத்தின் மேலேயே கையை வைத்துத் திரையை அணைத்துவிட்டாள். உன் முகம் அணைந்துபோன அந்தக் கணம் எனக்கே பொறுக்கவில்லை, உனக்கு எப்படி இருந்திருக்கும். கெஞ்சினோம், அதட்டினோம், பொம்மை வாங்கித் தருகிறேன் என்றோம். மாப்பிள்ளை தனியாக அழைத்துப் போய்க் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அம்மாமேல கோவமா என்றால் இல்லை என்று தலையாட்டுவாள். பிறகு ஏன் பேசமாட்டேன்கிறாய் என்றால் வாயை இறுக்கிக்கொள்வாள். அழுத்தக்காரி, அப்படியே உன்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து என் தையல் அறையில் வெட்டுகிற மேஜைக்கு அடியில் உட்கார்ந்து துண்டுத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டு நர்ஸ் தன்னுடைய கோட்டைக் கைப்பக்கம் பிடித்துத் தரச் சொல்லி வந்து நின்றிருந்தாள். நான் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அளவு பார்க்கிறேன். நர்ஸ் சும்மா இருக்காமல் கீழே குனிந்து, உங்க அம்மா டிவில வந்தாங்களே, நீ பேசினியா என்று கேட்டாள். மேஜைக்கு அடியிலிருந்து பெரிய மனுஷி மாதிரி ஒரு பதில் வருகிறது, நான் பேசமாட்டேன் ஆன்ட்டி, நான் பேசினா அம்மா மிதிக்கறத நிறுத்திடுவாங்க, நிறுத்தினா கீழ விழுந்துடுவாங்க என்று. எனக்கு ஒரு குண்டூசி தொண்டைக்குள் போகப் பார்த்தது. எல்லாவற்றையும் துப்பிவிட்டு நானும் மேஜைக்கு அடியில் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என் முட்டி இருக்கிற இருப்புக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். அவள் ஒருநாள் கடையில் உன் அப்பாவிடம் போய், அம்மா அவ்ளோ உயரத்துல இருந்து ஏன் விழமாட்டேங்கறாங்க தாத்தா என்று கேட்டிருக்கிறாள். தெரியாது என்று சொன்னால் அந்த மனுஷனுக்குக் கௌரவம் குறைந்துவிடுமே. சைக்கிள் ஓடிக்கிட்டு இருக்கிறவரைக்கும் விழுதா, நின்னாத்தான விழும், அம்மாவும் அப்படித்தான் மேல ஓட்டிக்கிட்டே இருக்காங்க என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அந்த வாரமே அவளுடைய சைக்கிளில் பக்கத்துச் சின்னச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கட்டிடத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிக்கொண்டு தெருவே கேட்கிற மாதிரி கத்துவார், முன்னாடி பாரு, யாராவது கூப்பிட்டா திரும்பாத, பேசாத, மிதிக்கறத நிறுத்தாத, நிறுத்தினா விழுந்துடுவ என்று. இவளும் யாராவது கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் விழுவாள், முட்டியெல்லாம் சிராய்ப்பு. இது போதாதென்று நீ வேறு ஒரு வீடியோ அனுப்பினாய். எலும்பு தேயாமல் இருக்க உடற்பயிற்சி என்று சுவரில் பொருத்தின சைக்கிளில் காலைக் கட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க மிதிக்கிறாயே, அது. முடிந்தது கதை. தாத்தா சொன்னதற்குக் கண்ணெதிரே சாட்சி கிடைத்துவிட்டது. நிலையத்தையே நீதான் மிதித்து ஓட்டுகிறாய் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். நீ எங்களோடு பேச உட்கார்ந்தால் அந்த நேரத்துக்கு யார் மிதிப்பது? அதுதான் அவளுடைய கவலை. நீ செல்லம் செல்லம் என்று சிரிக்கச் சிரிக்க அவளுக்கு உள்ளே பதறியிருக்கிறது, அம்மா சீக்கிரம் போய் மிதிக்கணுமே என்று. அதனால்தான் ஒளிந்துகொண்டாள், அதனால்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அதனால்தான் திரையை அணைத்தாள். வெளியே சொன்னால் நாங்கள் பயந்துபோவோம் என்று எங்களிடம்கூடச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ் கோட்டுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது, குழந்தையை மட்டும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

உன் அப்பாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் மனுஷனுக்கு முகம் செத்துப்போய்விட்டது. நானே சரிபண்ணிடறேன் என்று கிளம்பினார். தாத்தா சொன்னது தப்பு கண்ணு, அம்மா விழமாட்டாங்க என்று அவளை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அப்ப சைக்கிளும் நின்னா விழாதா என்று அவள் கேட்டாள். அவளை மடியிலிருந்து இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். பிறகு மாப்பிள்ளை, விஞ்ஞானத்தை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவோம் என்று வந்து உட்கார்ந்து, இங்க பாரு செல்லம், உண்மையில அம்மா ஏற்கெனவே விழுந்துகிட்டேதான் இருக்காங்க, ஆனா என்று ஆரம்பித்தார். அந்த ஆனாவுக்கு அப்பால் போக அவள் விட்டால்தானே. வீடு இடிகிற மாதிரி ஓவென்று கத்தினாள். அடுத்த வீட்டுக்காரர் ஓடிவந்து என்ன ஏது என்று கதவைத் தட்டினார். மாப்பிள்ளை அன்று சாப்பிடவே இல்லை பாவம், நானே ரொட்டியில் வெண்ணெய் தடவி எடுத்துப் போய்க் கொடுத்தேன்.

மறுநாள் உன் அப்பாவுக்கு வேறொரு யோசனை. சுற்றிக்கொண்டே இருந்தால் விழாது என்று கண்ணால் காட்டிவிடுகிறேன் என்று ஒரு நூல் கயிற்றின் முனையில் பெரிய நட்டைக் கட்டி, கடை வாசலில் நின்று தலைக்குமேல் சுழற்றினார். பாத்தியா கண்ணு, விழுதா, விழுதா என்று கேட்டுக்கொண்டே இன்னும் வேகமாகச் சுழற்றினார். கயிறு அறுந்தது. நட்டு பறந்துபோய் சலூனுக்குள் சவர நுரை வைத்திருந்த கிண்ணத்தில் விழுந்து, சுவர், கண்ணாடி, நாற்காலியில் சாய்ந்திருந்த தபால்காரர் எல்லாம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. யாருக்கும் அடி படவில்லை. சலூன்காரர் நட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அண்ணே உங்க பொண்ணு எப்ப இறங்குறான்னு முன்னாலயே சொல்லிடுங்க, நான் கடைக்கு லீவு விட்டுடறேன் என்றார். தெருவே சிரித்தது, உன் அப்பாதான் சிரிக்கவில்லை. சுண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பாத்தீங்களா, விழுந்துடுச்சு என்று சொல்லிவிட்டு மாடியேறி வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம்தான் விடிவு வந்தது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவளே கண்டுபிடித்தாள். உன் அப்பா ஒரு மூலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். இவள் தனியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போயிருக்கிறாள். நான் துணி எடுக்கப் பின்பக்கத்து பால்கனிக்கு வந்தவள், இருட்டப் போகுதே என்று வழக்கம்போலக் குரல் கொடுத்தேன். அவள் வேகமாக வந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, தோ வரேன் பாட்டி என்றாள். பார்த்துவிட்டாளே, இப்போது விழப்போகிறாள் என்று நினைத்தேன். விழவில்லை. அவளுக்கும் அது ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது போலிருக்கிறது, காலைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், மறுபடி காலைப் பார்க்கிறாள். மிதிக்கவே இல்லை, சைக்கிள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சந்து முனைவரை அப்படியே போய், வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூச்சிரைக்கப் படியேறி ஓடி வந்தாள். பாட்டி, முதல்ல வேகமா மிதிச்சுட்டா அப்புறம் மிதிக்காமயே போகுது பாட்டி, பேசினாக்கூட விழல என்கிறாள். அப்புறம், அம்மா முதல்ல வேகமா மிதிச்சாங்களா என்று கேட்டாள்.

நான் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நீ புறப்பட்ட அன்று நாங்கள் நின்ற திடலிலிருந்து ராக்கெட் ஒரு பென்சில் உயரத்துக்குத்தான் தெரிந்தது, தீ கிளம்பினதைப் பார்த்த பிறகுதான் சத்தம் வந்து எங்கள் நெஞ்சில் மோதியது, காலுக்குக் கீழே தரை கிடுகிடுவென்று நடுங்கியது, உன் அப்பா என் கையை இறுக்கின இறுக்கில் வளையல் நெளிந்துவிட்டது என்று சொன்னேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கிற நேரத்தில் எங்கேயோ போய்விட்டாய், அந்த வேகத்துல மிதிச்சவங்க இந்த ஊர்லயே யாரும் இல்ல கண்ணு என்றேன். அதற்கு எத்தனை வருஷம் பழகினாய் என்று சொன்னேன். விமானம் ஓட்டிப் பழகினது, ராட்டினம் மாதிரி ஒரு எந்திரத்தில் உட்காரவைத்துச் சுற்றினபோது கூட இருந்தவர்களெல்லாம் வாந்தியெடுக்க நீ மட்டும் இறங்கி வந்து பசிக்குது என்று சொன்னது, வெளியே போய்ச் செய்கிற வேலைக்கு ஆழமான குளத்துக்குள் அந்தப் பெரிய உடுப்போடு இறங்கிக் காலையிலிருந்து சாயங்காலம்வரை திருகாணி திருகிப் பழகினது, வீட்டுக்கு வந்தால் ஸ்பூன் பிடிக்கக் கையில் வலு இல்லாமல் நான் ஊட்டிவிட்டது எல்லாம் சொன்னேன். முதல் தடவை தேர்வில் உன்னைக் கழித்துவிட்டார்கள், அடுத்த தடவை மறுபடி போய் நின்றாய் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். கண் கொட்டாமல் கேட்டாள். அம்மாவுக்கும் முட்டியில அடிபட்டுச்சா என்றாள். நிறைய என்றேன். அவளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது. அப்ப அம்மாவுக்கு நல்லா ஓட்டத் தெரியும், பேசலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

இவ்வளவுதான் கதை. இனி நீ செய்ய வேண்டியதைப் பற்றி. என்னைக் கேட்டால், நாளைக்கே கதவைத் திறந்துகொண்டு நீ வந்து நின்றால் இந்த உலகத்தில் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் யாரும் இருக்கமாட்டாள். உன்னைப் பார்க்க வேண்டும் போல எனக்குத் தினமும் இருக்கிறது, அதை எதற்கு மறைக்க வேண்டும். ஆனால் வருவதென்றால் வேலை முடிந்து வா, உடம்புக்கு முடியவில்லை என்றால் வா, போதும் என்று உனக்கே தோன்றினால் வா. பெண் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு மட்டும் வராதே. அவள் உன்னை மறந்திருந்தால் உன்னோடு சிரித்துப் பேசிவிட்டு விளையாடப் போயிருப்பாள். இத்தனை வாரமும் இந்தச் சின்ன உருப்படி, யாரிடமும் சொல்லாமல், தனி ஆளாக நின்று உன்னைக் கீழே விழாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். உன்னோடு பேச வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு அதைச் செய்தாள். நீ அவளை விட்டுவிட்டுப் போய்விட்டதாக நினைத்து அங்கே மருகுகிறாய், அவளோ நீ பத்திரமாக ஓட்டுகிறாயா என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. அந்த வெளிவேலையை வேறு ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டு வந்தால், எதுக்கும்மா கொடுத்தீங்க என்று அவள்தான் முதலில் கேட்பாள், என்ன பதில் சொல்வாய் என்று யோசித்துக்கொள். முடிவு உன்னுடையது. நாங்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம். உன் அப்பாவைப் பேசவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை நன்றாக இருக்கிறார், உன்னை நினைத்துக்கொண்டு மருந்துப் பெட்டிகளையெல்லாம் தப்புத் தப்பாக அடுக்கி மறுபடி அடுக்குகிறாராம். அங்கே தருகிற சூப்பைப் பாதியில் வைத்துவிடாமல் முழுசாகக் குடி. வெளியே போனால் இடுப்பில் கட்டுகிற கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொள், இதை சுண்டு சொல்லச் சொன்னாள், நானும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடு, அவளுக்கு உன்னிடம் கேட்க நிறைய இருக்கிறதாம், முக்கியமாக உங்கள் சைக்கிளுக்கு மணி இருக்கிறதா என்று தெரிய வேண்டுமாம். நீ நன்றாக இருக்க வேண்டும், தீர்க்காயுசாக இருக்க வேண்டும், தொட்ட காரியமெல்லாம் உன் கைக்கு வசப்பட வேண்டும், போன மாதிரியே சிரித்த முகமாக எங்கள் வாசலுக்கு வந்து சேர வேண்டும்.

இதோடு முடித்துவிடலாம் என்று பேனாவை மூடினேன். அதற்குள் நிலையம் வருது, நிலையம் வருது என்று உன் அப்பா கூப்பிட்டதால் பால்கனிக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பி வந்து உட்காருகிறேன். வானம் இன்னும் முழுசாக இருட்டவில்லை, கட்டிடங்களுக்கு மேலே நீ வெள்ளைப் பொட்டாக வந்தாய். நீ இப்படிக் கடக்கிறபோதெல்லாம் சுண்டு எங்களை மூச்சுக்கூட விடவிடமாட்டாள், யாரும் கூப்பிடாதீங்க என்று எல்லோர் வாயையும் பொத்துவாள், இருட்டுக்குப் பயப்படுகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இன்று நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். அம்மா, இங்க பாரு, நான் இங்க இருக்கேன், பாரும்மா, ஒண்ணும் ஆகாது, திரும்பிப் பாரு என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். கீழே சலூன்காரர் துண்டோடு வெளியே வந்துவிட்டார், எதிர் வரிசை ஜன்னல்களெல்லாம் திறந்துகொண்டன. மாப்பிள்ளை அவள் விழாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கும் தாங்கவில்லை. நானும் கத்தினேன், உன் பெயரைச் சொல்லி, நீ சின்னவளாகத் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும்போது சாப்பிடக் கூப்பிடுவேனே, அதே குரலில். நீ அந்தக் கோடிக்குப் போய் மறைகிறவரை கத்தினோம். அங்க காத்தே கிடையாது, சத்தம் எப்படிப் போகும், அவளுக்குக் கேட்டிருக்காது என்கிறார் உன் அப்பா. இந்த மனுஷன் விண்வெளியைப் பற்றி இதுவரை சொன்னதில் எது சரியாக இருந்திருக்கிறது? உனக்குக் கேட்டிருக்கும்.

உன்னைப் பெற்ற,
அம்மா